வின்ச்சுக்கு ஒரு பித்தளை ஆணி

புதைந்த வண்டிகளை இழுக்கிற அந்த வின்ச் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அதை நான்கு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தோம். எங்கள் சந்துக்குள் ஜீப் நுழையாது. தெருமுனை வேப்பமரத்தடியில் இறக்கி, ஒரு சாக்கில் வைத்து இழுத்திருந்தால் இரண்டு பேர் போதும். ஆனால் எங்கள் நால்வரில் மூன்று பேர் பட்டாசுக் கம்பெனியில் பழகியவர்கள். கம்பெனியில் எதையும் தரையில் இழுக்கக் கூடாது. உரசினால் சூடு, சூட்டிலிருந்து பொறி. பெட்டியோ தட்டோ, எதுவானாலும் தூக்கித்தான் வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அது மண்டையில் ஏறும், அப்புறம் கைக்கு இறங்கிவிடும். வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட நான் இழுத்துப் போட்டதில்லை.

தூக்கியவர்கள் நானும் என் வீட்டுக்காரரும், பக்கத்து வீட்டு மதினியும், அவருடைய கணவரும். மதினியும் நானும் ஒரே கம்பெனி; தினமும் காலையில் ஒரே வேனில், ஒரே சீட்டில் போகிறவர்கள். சொந்தம் கிடையாது, ஆனாலும் அவர் எனக்கு மதினி, அவர் கணவர் அண்ணன். அண்ணன் மட்டும் பட்டாசுக்குச் சம்பந்தம் இல்லாதவர். விருதுநகரில் ஒரு வத்தல் குடோனில் மூட்டை சுமப்பவர். மாலையில் அவர் சந்துக்குள் நுழைந்தால் மிளகாய் நெடி முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். தெருவில் முதல் தும்மல் என்னுடையதாகத்தான் இருக்கும்.

பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அண்ணன் நின்றார். "இழுக்குறதுக்குன்னே செஞ்ச சாமானை இப்படிப் பிள்ளை மாதிரி தூக்கிட்டுப் போற ஆளுகளை நான் இங்கனதான் பாக்கேன்" என்றார். சிரித்துச் சிரித்து நாங்கள் அதைக் கீழே போடப் பார்த்தோம்.

விருதுநகரில் ஒரு பழைய இரும்புக் கடையில்தான் அது கிடந்தது. சூலக்கரையில் கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போனவர்களை ஜீப்பில் கொண்டுவிட்டு, அவர்கள் திரும்பும்வரை நானும் என் வீட்டுக்காரரும் பொழுது போகாமல் சுற்றிய நாள். பட்டாளத்து ஜீப் ஒன்றிலிருந்து கழற்றியது என்றார் கடைக்காரர். ஓர் உருளை, அதில் சுற்றிய கம்பி வடம், பக்கத்தில் ஒரு கியர் பெட்டி. ஜீப்பின் மூக்கில் மாட்டி, எஞ்சினிலிருந்து ஒரு தண்டைக் கொண்டுவந்து சேர்த்தால் உருளை மெதுவாகச் சுற்றும். வடத்தின் அடுத்த முனையில் சேற்றில் புதைந்த வண்டி இருந்தால் வெளியே வரும். அப்படித்தான் என் வீட்டுக்காரர் எனக்கு விளக்கினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் துரு. தொட்டால் உதிர்கிற துரு. அவர் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்து, இது நம் வீட்டுக்கு வரப்போகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆசைக்காக வாங்கியதல்ல. பதினொரு வருஷம் அவர் எங்கள் கம்பெனியில் பட்டாசு மருந்து கலக்கிற அறையில் இருந்தவர். அந்த அறைக்கு ஒரு நேரத்தில் அதிகம் ஆள் போக முடியாது. போகிறவர் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கிற கரண்ட் தகடு வழியாக மண்ணுக்குப் போய்விடும். ஒரு நாள், எதனால் என்று இன்றுவரை தெரியாது, ஒரு கைப்பிடி மருந்து கண் சிமிட்டுகிற நேரம் எரிந்து அணைந்தது. வலது புருவமும் கை முடியும் பொசுங்கின, அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

அதற்கு அப்புறம்தான் பழைய ஜீப். ஓட்டம் கொஞ்சம், ரிப்பேர் நிறைய. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் கம்பெனி போர்மேன் வந்துவிடுவார்.

"ஏலே, உன் கைப்பதம் யாருக்கும் வரலலே. சீசன் வருது. ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. வந்துரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் சொல்லிவிட்டார்: "ஐப்பசி மழை முடியுறதுக்குள்ள ஜீப்பு எனக்குச் சோறு போடலைன்னா வந்துர்றேன் அண்ணாச்சி."

அடுப்படியில் இருந்த நான் கையிலிருந்த கரண்டியை விட்டெறிந்தேன். அது உருண்டு போர்மேன் காலடியில் போய் நின்றது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், ஊருக்கே தெரியும். போர்மேன் கரண்டியை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஐப்பசிக்குள் இரும்புக் கடையிலிருந்து வந்த அந்தத் துரு உயிர் பெற்றாக வேண்டும். இல்லையென்றால் என் புருஷன் மறுபடி அந்த அறைக்குள் போவார்.

ஏன் வின்ச் என்றால், எங்கள் ஊர் மண் கரிசல். வெயிலில் கல், மழையில் பசை. தீபாவளிக்கு லோடு போகிற நாட்களும் மழை பிடிக்கிற நாட்களும் ஒன்றாகத்தான் வரும். கம்பெனிகள் எல்லாம் ஊரை விட்டுத் தள்ளிக் காட்டுக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு வருஷமும் லோடு வண்டிகள் அச்சு வரைக்கும் புதைந்து நிற்கும்; டிராக்டர் கொண்டுவந்தால் அதுவும் சேர்ந்து புதையும். தார் ரோட்டோரம் கெட்டித் தரையில் நின்றுகொண்டே இழுக்கிற ஒரு ஜீப் இருந்தால் அதற்கு வேலைக்குப் பஞ்சமில்லை. இதை அவர் சொன்னபோது எனக்கு முதன்முறையாக மழை வரட்டும் என்று தோன்றியது.

அந்தக் கோடையை இப்போது நினைத்தால் எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடந்ததுபோல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகள், வீட்டின் பின்னால் ஓட்டுச் சாய்ப்பின் நிழல், பிளாஸ்டிக் தொட்டியில் மண்ணெண்ணெய், அதற்குள் பல்சக்கரங்கள். தூரத்தில் ஏதோ கம்பெனியில் வெடித்துப் பார்ப்பார்கள். சத்தம் எங்களிடம் வந்து சேரும்போது அது வெடியாக இருக்காது, யாரோ பக்கத்து அறையில் கதவைச் சாத்தியதுபோல இருக்கும். ஒரு துண்டுப் பச்சைப் புகை வானத்தில் எழும்பி, எங்கே போவது என்று தெரியாமல் நின்று, கலைந்து போகும். நான் பூச்சட்டி என்கிற புஸ்வாணம் செய்யும் அறையில் வேலை பார்ப்பவள். எவ்வளவு தேய்த்தாலும் அலுமினியப் பொடி நகக்கண்ணில் நிற்கும். வெள்ளி விரல்களால் துருவைச் சுரண்டுவேன். சாயங்காலம் பார்த்தால் கை பாதி வெள்ளி, பாதி செம்மண். அந்தக் கைகளை எனக்குப் பிடித்திருந்தது. கழுவ மனசு வராமல் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

கழற்றிய சாமான்களைப் பரப்பி வைக்க அச்சகத்திலிருந்து கழிவுக் காலண்டர் தாள்கள் கொண்டுவந்திருந்தோம். கலர் தள்ளி விழுந்த தாள்கள். சாமிக்கு இரண்டு மூக்கு, நான்கு உதடு. "சாமி மேல கிரீசை வைக்காதீக" என்று நான் கத்தியதில் அவர் படத்தை விட்டுவிட்டுத் தேதிக் கட்டங்களை எடுத்துக்கொண்டார். முதலில் கழற்றியது ஒன்றாம் தேதியில், அடுத்தது இரண்டாம் தேதியில். மாட்டும்போது கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி வந்தால் போதும், ஒன்றும் மிஞ்சாது. மருந்து கலக்கிறவர்களுக்கு வரிசை என்றால் உயிர். காற்றில் தாள் படபடக்கும்போது செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் கொஞ்சம் எழும்பி, மேலே உட்கார்ந்திருக்கிற நட்டுகளின் கனத்தில் மறுபடி படுத்துக்கொள்ளும்.

கம்பி வடத்தை ஒரு நாள் முழு நீளத்துக்கும் பிரித்தோம். எங்கள் வாசலிலிருந்து வேப்பமரம் வரை இழுத்துக் கட்டி, துணியால் துடைத்து, எண்ணெய் பூசினோம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மதினி அதில் நான்கு சேலை, இரண்டு போர்வை காயப்போட்டிருந்தார்.

"புதுக்கொடி கட்டியிருக்கியேன்னு பாத்தேன் புள்ள."

"கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? எண்ணெ சொட்டுது தெரியலயா மதினி?"

"எண்ணெ பூசுன கொடியை எவ கட்டுவா?"

சேலைகளில் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. நான் கத்த, அவர் கத்த, தெரு கூடிவிட்டது. கடைசியில் இரண்டு பேரும் அதே மண்ணெண்ணெயில் உட்கார்ந்து சேலையைத் துவைத்தோம். கோடு போகவில்லை. மதினி அந்தச் சேலையை இன்றும் வேலைக்குக் கட்டுகிறார். வேனில் என் பக்கத்தில் உட்காரும்போது அந்தக் கோடு என் முழங்கைக்குப் பக்கத்தில் ஓடும்.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரரிடம் ஒரு பழக்கம் மட்டும் போகாமல் இருந்தது. வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆன பிறகும், வெளியிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகுமுன் வலது உள்ளங்கையை நிலைக்கட்டையில் வைப்பார். ஒரு மூச்சு விடும் நேரம் நிற்பார். அப்புறம் வருவார். தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது. நீலப் பெயிண்டில் அந்த இடம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கேறி ஒரு கை அளவுக்குக் கறுத்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், நம் வீட்டுக்குள் வருகிறார், அந்த அறைக்குள் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஆவணி முடியும்போது கடைசித் தேதியிலிருந்து இரண்டாம் தேதி வரை எல்லாம் மாட்டியாயிற்று; ஒன்றாம் தேதிக் கட்டத்தில் மட்டும் எடுத்து மாட்ட ஒன்றும் இல்லை. அங்கே இருந்திருக்க வேண்டியது ஓர் ஆணி. எஞ்சினிலிருந்து வருகிற தண்டும் வின்ச்சின் கியரும் சேரும் இடத்தில், இரண்டையும் கோத்துப் பிடிக்கிற பென்சில் தடிமன் ஆணி. பழையது துருப்பிடித்து, அடித்து எடுத்தபோது உடைந்துவிட்டது. "நான் பாத்துக்கிடுறேன்" என்று சொன்னேன். கம்பெனியில் மருந்து இடிக்கிற பித்தளைக் கம்பி ஒன்று வளைந்துபோனதால் எடுத்துப்போட்டிருந்தார்கள். எதற்கென்று சொல்லாமல் போர்மேனிடமே கேட்டு வாங்கி, லேத்துப் பட்டறையில் கொடுத்தேன்.

"பித்தளையிலயா?" என்றார் பட்டறைக்காரர்.

"பின்னே?"

எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. பதினாறு வயதிலிருந்து என் கையில் இருப்பது பித்தளையும் மரமும். இரும்பு பொறி விடும், பித்தளை விடாது. நல்ல சாமான் என்றால் எனக்குப் பித்தளை. நான்கு ஆணி கிடைத்தது. ஒன்றைத் தேய்த்துப் பளபளக்க வைத்து ஒன்றாம் தேதியில் வைத்தேன். அவரும் பார்த்தார், எடுத்து மாட்டினார். அவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

ஜீப்பில் ஏற்றி முதல் தடவை ஓட்டிப் பார்த்த அந்தச் சாயங்காலம், எஞ்சின் மெல்ல முனக, உருளை சுற்ற ஆரம்பித்தது. தெருவில் நீளமாகக் கிடந்த வடம் புழுதியில் ஊர்ந்து ஊர்ந்து வந்து, சுற்று மேல் சுற்றாக உட்கார்ந்தது. அவசரமே இல்லை அதற்கு.  இப்படியே இது சுற்றிக்கொண்டிருந்தால் போதும், இருட்டவே வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

ஐப்பசி முதல் வாரத்தில் மழை கொட்டியது. மறுநாள் பகல், மழை விட்டு வானம் வெளுத்திருந்த நேரம், எங்கள் கம்பெனி வாசலிலேயே வடக்கே போகிற லோடு வண்டி புதைந்துவிட்டது. போர்மேன் ஆள் அனுப்பி இவரை வரச் சொன்னார். இடிக்குப் பயந்து காலையிலேயே வேலையை நிறுத்தியிருந்ததால் நாங்கள் பெண்கள் எல்லாம் வெளியில்தான் நின்றோம்.

இவர் ஜீப்பைத் தூரத்தில், தார் ரோட்டோரமே நிறுத்தினார். பின்பக்கத்தைச் சங்கிலியால் ஒரு பனைமரத்தோடு கட்டினார். அப்புறம் சொன்னார்: "லோடை இறக்கணும் அண்ணாச்சி."

"என்னது? அம்புட்டையுமா?"

"அம்புட்டையும்தான். பெட்டியோட இழுத்தா குலுங்கும், உரசும். நான் இழுக்க மாட்டேன்."

"சேத்துல என்னலே பொறி பறக்கப் போவுது?"

இவர் ஜீப்பில் சாய்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மதினிதான் முதலில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அவர் பின்னால் நான், எங்கள் பின்னால் எல்லோரும். தார்ப்பாயில் மூடி மூடி ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக் குடோனில் வைத்தோம். ஒருத்தியும் ஒரு பெட்டியையும் இழுக்கவில்லை.

பிறகு வடத்தை வண்டியின் கொக்கியில் மாட்டினார். உருளை சுற்றியது. வடம் தரையிலிருந்து எழும்பி விறைத்தது. லாரி ஒரு தடவை அசைந்தது. நான் வடத்துக்குப் பக்கத்தில், இரண்டு எட்டுத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம், ஊக்கு உடைந்த மாதிரி. எஞ்சின் சும்மா ஓடியது. வடம் தொய்ந்து சேற்றில் விழுந்தது.

ஜீப்புக்கு அடியில் படுத்து எழுந்தவரின் கையில் இரண்டு துண்டாகப் பித்தளை ஆணி. போர்மேன் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "ஏலே, யாருலே இதுக்குப் பித்தளை போட்டது? ஜீப்புக்குள்ளயும் மருந்தா வச்சிருக்கே?" சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் நமக்குச் சரிப்படாதுலே. திங்கக்கெழமை வந்துரு" என்றார்.

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஒரு கோடை முழுக்க அவர் தேதி தேதியாகக் கோத்ததை நான் ஓர் ஆணியில் கெடுத்துவிட்டேன். என் கையாலேயே அவரை அந்த அறைக்குத் திருப்பி அனுப்புகிறேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அடக்கவில்லை, எல்லோர் முன்னாலும் அழுதேன்.

லாரி டிரைவர் பெட்டியைத் துழாவி ஓர் இரும்பு போல்ட் எடுத்து நீட்டினார். இவர் அதை வாங்கிக்கொண்டு உடனே மாட்டவில்லை. வடத்தின் ஓரமாக, அதை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்தார். கொக்கிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றார். அங்கே வடத்தில் ஆறேழு கம்பிகள் அறுந்து விரிந்திருந்தன. அதைப் பார்த்தார், நான் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"அங்கனயா நின்னே?"

தலையசைத்தேன்.

"இரும்பு போட்டிருந்தா ஆணி உடைஞ்சிருக்காது. வடம் அந்திருக்கும். உன் காலை எடுத்திருக்கும்."

சொல்லிவிட்டு போல்ட்டை டிரைவரிடமே திருப்பிக் கொடுத்தார். "இன்னொரு பித்தளை எடு" என்றார் என்னிடம். மிச்ச மூன்றையும் இடுப்பில்தான் முடிந்து வைத்திருந்தேன்; ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அறுந்த இடத்தைத் தள்ளி வடத்தை மடித்துக் கிளாம்பு போட்டார். கொக்கியில் ஒரு கப்பியை மாட்டி, வடத்தை அதில் நுழைத்துத் திருப்பிக் கொண்டுவந்து பனைமரத்தில் கட்டினார். கிணற்றில் கப்பி போட்டால் கனம் குறைகிற கணக்குத்தான். எங்களை எல்லாம் குடோனுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார். ஜீப்பில் ஏறுமுன் குனிந்து ஈர மண்ணில் உள்ளங்கையை வைத்தார்.

இந்தத் தடவை ரொம்ப மெதுவாக நடந்தது. லாரி நகர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சேற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது, அது அகலமானது. பிசைந்த மாவிலிருந்து விரலை எடுக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு கரிசல் அதை விட்டது. ஈர வெயிலில், ஆளில்லாத மாதிரி, வண்டி தானாக மிதந்து ரோட்டுக்கு வந்தது. பெண்கள் எல்லாம் கை தட்டினோம்.

"அப்ப வரமாட்டே?" என்றார் போர்மேன்.

"வரமாட்டேன் அண்ணாச்சி."

"சரிலே. உன் எடத்துக்கு வேற ஆளு பாத்துக்கிடுறேன்."

அந்த வார்த்தை எனக்குத் தேனாக இனித்தது. அதை வீடு வரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அந்த மழைக்காலம் முழுக்க ஜீப் சும்மா நிற்கவில்லை. ஆணிகள் உடைந்துகொண்டே இருந்தன. பட்டறைக்காரர் இப்போதெல்லாம் கேள்வி கேட்பதில்லை, கண்டாலே பித்தளையை எடுக்கிறார். உடைந்த துண்டுகளை ஒரு கடுகு டப்பாவில் போட்டுவைத்தேன். குலுக்கினால் சலங்கை மாதிரி சத்தம் வரும். தீபாவளிக்கு நிலைக்குப் பெயிண்ட் அடித்தோம். கறுத்த இடம் நீலத்துக்குள் போய்விட்டது. இரண்டு நாள், மூன்று நாள், பத்து நாள் கவனித்தேன். அவர் செருப்பைக் கழற்றினார், நேரே உள்ளே வந்தார். யாரிடமும் சொல்லாமல் நான் மட்டும் சந்தோஷப்பட்டேன்.

கார்த்திகை பிறந்த ஒரு நாள்தான் எனக்கு உறைத்தது, நான் தும்மி வெகுநாள் ஆகிவிட்டது. மறுநாள் வேனில் மதினியிடம் கேட்டேன். "அண்ணன் குடோனுக்குப் போறதில்லையா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். "இடுப்பு சொல்லு கேக்கல புள்ள. மூட்டை தூக்க முடியல. போர்மேன் கூப்பிட்டாரு, போனாக." பிறகு, "ஒங்க வீட்டுக்காரரு இருந்த எடம்தான்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. கையை என் மடியில்தான் வைத்திருந்தார்.   சேலையில் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கம்பெனி வரை போனேன்.

அன்று சாயங்காலம் நானும் அவரும் வாசலில் வடத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தோம். அண்ணன் சந்துக்குள் வந்தார். நெடி இல்லை. மணிக்கட்டில் வெள்ளிப் பொடி, வெயிலில் மினுங்கியது.

"இன்னைக்கு எத்தனை வண்டி மாப்ளே?"

"ரெண்டு மச்சான்" என்றார் இவர். துடைக்கிற துணி அவர் கையில் அப்படியே நின்றுவிட்டது.

அண்ணன் சிரித்துவிட்டுத் தன் வாசலுக்குப் போனார். செருப்பைக் கழற்றினார். உள்ளே போகுமுன் வலது உள்ளங்கையை நிலைக்கட்டையில் வைத்து, ஒரு மூச்சு விடும் நேரம் நின்றார். அப்புறம் வீட்டுக்குள் போனார்.